விடைக்குச் சாட்சி எங்கே? ஆங்கிலக் கேள்விகளைப் புதிதாக அணுகுகிறவர்களுக்கு

சனி, ஞாயிறு சாயங்காலங்களில் பாளையங்கோட்டையில் வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து ஆங்கிலப் பகுதியைப் பார்ப்பது என் வழக்கம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி என்று பல பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள். கணக்கில் எல்லாருமே கெட்டி. ஆங்கிலக் கேள்வி வந்ததும் முகம் வாடிவிடும். பத்தமடைத் தம்பி ஒருவன் ஒருநாள் பழைய வினாத்தாளை நீட்டினான்.

“அக்கா, ‘இஸ்’ போட்டாலும் சரியாத்தான் தெரியுது, ‘ஆர்’ போட்டாலும் சரியாத்தான் தெரியுது. எதைப் போட?”

“நீ எதைப் போட்டே?”

“வாசிச்சுப் பார்த்தேன். காதுக்கு ‘ஆர்’ நல்லா இருந்துச்சு.”

இந்தக் ‘காதுக்கு நல்லா இருந்துச்சு’தான் நம் பிள்ளைகளின் மார்க்கைத் தின்கிறது. சின்ன வயதிலிருந்து ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காது ஓரளவு வழிகாட்டும். நம் காது தமிழில் பழகிய காது. ஆங்கில வாக்கியத்தைக் கேட்டாலும் அது தமிழ் வழக்கப்படிதான் தீர்ப்புச் சொல்லும். அதனால் நான் காதை ஓரமாக வைத்துவிட்டுச் சாட்சியைத் தேடச் சொல்கிறேன்.

சாட்சி என்றால் என்ன? ஆங்கிலத் தாளில் இலக்கணம், சொற்பொருள், பத்தியை வாசித்து விடை சொல்வது என்று மூன்று வகைக் கேள்விகள் வரும். பார்க்க மூன்று பாடம் போல இருக்கும். உள்ளே வேலை ஒன்றுதான். எந்த விடை சரி என்பதை அதே வாக்கியத்தில், அல்லது அதே பத்தியில் இருக்கிற இன்னொரு சொல் தீர்மானிக்கிறது. அந்தச் சொல்தான் சாட்சி. அதன்மேல் விரலை வைத்து, “இது இருக்கிறதால இந்த விடை” என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் விடை தெரிந்ததாக நினைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இனி ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசித்துவிட்டு, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

தம்பி கொண்டுவந்த கேள்வியைப் போலவே ஒன்று: ‘தி குவாலிட்டி ஆஃப் தி மேட்ஸ் மேட் இன் தீஸ் வில்லேஜஸ் ___ குட்.’ இஸ்ஸா, ஆரா? கோடிட்ட இடத்துக்கு இடப்பக்கம் வில்லேஜஸ், அதற்கும் முன்னால் மேட்ஸ். இரண்டும் பன்மை. காது உடனே ‘ஆர்’ கேட்கும். ஆனால் எது நன்றாக இருக்கிறது? ஊர்களா, பாய்களா? தரம்தானே. தரம் ஒன்று. சாட்சி ‘குவாலிட்டி’, விடை ‘இஸ்’.

நம் பிள்ளைகள் ஏன் இதில் வழுக்குகிறார்கள் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். இதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள்: ‘இந்த ஊர்களில் செய்யும் பாய்களின் தரம் நன்றாக இருக்கிறது.’ தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால் வந்துவிடும். எழுவாய் கடைசியில், வினைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆகவே பக்கத்தில் இருக்கிற பெயரோடு வினையைப் பொருத்துவது நமக்குப் பிறவிப் பழக்கம், தமிழில் அது பெரும்பாலும் பிசகாது. ஆங்கிலம் தலைகீழ். எழுவாயை முதலில் சொல்லிவிட்டு, அதன் வால் முழுவதையும் பின்னால் தொங்கவிட்டு, அதற்கப்புறம்தான் வினைக்கு வரும். பக்கத்தில் நிற்கிற பெயர் வெறும் வால். தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வருகிற தவறு இது என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விடுகிறது. நான் சொல்வது ஆறுதலுக்காக இல்லை, உண்மையே அதுதான்.

இந்த இரு மொழி வேறுபாட்டைத் தீர ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் ஜில்லாக்காரர் போலவே ஆகிப்போனவர். இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. பெயருக்கு முன்னால் வரும் உருபுச் சொற்களுக்குப் பதில் பின்னால் ஒட்டுபவை, ‘எவன், அவன்’ என்று இணைக்கும் சொற்களுக்குப் பதில் பெயரெச்சம் என்று அவர் எடுத்துக்காட்டிய இடங்களில்தான் இன்றைக்கும் தேர்வில் நமக்கு மார்க் போகிறது. ‘நான் நேற்றுப் பார்த்த பையன்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை ஆங்கிலம் ‘தி பாய் ஹூம் ஐ ஸா எஸ்டர்டே’ என்று பையனை முதலில் நிறுத்திவிட்டு, அவனைப் பற்றிய சேதியைப் பின்னால் சொல்லும்.

அப்படியானால் சாட்சியைக் கண்டுபிடிக்க என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் பொருள்கோள் படித்தோமே, நினைவிருக்கிறதா? செய்யுளில் அங்கங்கே கிடக்கிற சொற்களை எடுத்துப் பொருந்துகிற இடத்தில் கூட்டிப் பொருள் கொள்வது கொண்டுகூட்டு. அதே வேலைதான் இங்கேயும். ‘ஆஃப்’ என்று தொடங்குகிற வாலை விரலால் மறையுங்கள். ‘ஹூ’, ‘விச்’ என்று தொடங்கும் துணைவாக்கியத்தையும் மறையுங்கள். இரண்டு காற்புள்ளிக்கு நடுவே ‘அலாங் வித்’ என்று வருவதையும் மறைத்துவிடுங்கள். மிச்சம் நிற்பது எழுவாயும் வினையும். ‘தி டிரைவர், அலாங் வித் தி பாசெஞ்சர்ஸ், வாஸ் சேஃப்.’ மறைத்தால் டிரைவர் மட்டும் நிற்கிறார், ஆகவே ‘வாஸ்’. நிரனிறையும் அப்படித்தான்: வாக்கியக் கடைசியில் ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்று வந்தால் முதல் பெயருக்கு முதல் செய்தி, இரண்டாவது பெயருக்கு இரண்டாவது செய்தி. நன்னூல்காரர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

‘ஈச்’ பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘பிள்ளைகள் ஒவ்வொருவரும் வந்தார்கள்’ என்று தமிழில் பன்மையில் முடிக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹேஸ் எ டிக்கெட்’ என்று ஒருமையில்தான் முடிய வேண்டும். ஈச்தான் சாட்சி, கேர்ள்ஸ் வெறும் வால்.

காலம் பற்றிய கேள்விகளில் சாட்சி இன்னும் வெளிப்படையாக இருக்கும். ‘எஸ்டர்டே’, ‘அகோ’, ‘இன் 2015’ என்று முடிந்துபோன நேரம் சொல்லியிருந்தால் சாதாரண இறந்தகாலம். ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே’ என்று நம்மூரில் தாராளமாகப் பேசுவோம், தாளில் அது பிழை. அடுத்தது ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பம். இதற்குத் தமிழே நல்ல அளவுகோல். ‘மூன்று வருஷமாக’ என்று ‘ஆக’ வந்தால் ஃபார், ‘2019-லிருந்து’ என்று ‘இருந்து’ வந்தால் சின்ஸ். ஆனால் வினையில் தமிழை நம்பாதீர்கள். ‘மூணு வருஷமா தென்காசியில இருக்கேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வோம். அங்கேயோ ‘ஐ ஹேவ் பீன் லிவிங் இன் தென்காசி ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று சொல்ல வேண்டும். முன்னால் தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த ‘ஹேவ் பீன்’தான் சொல்கிறது.

‘பஸ் வரும்போது போவோம்’ என்கிறோம். ‘வரும்’ எதிர்காலம் என்பதால் கை தானாக ‘வென் தி பஸ் வில் கம்’ என்று எழுதிவிடும். நேரத்தைச் சொல்லும் ‘வென்’, நிபந்தனை சொல்லும் ‘இஃப்’ இரண்டுக்கும் பின்னால் பொதுவாக ‘வில்’ வராது. ‘வென் தி பஸ் கம்ஸ், வி வில் கோ.’

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. ‘எ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா? ‘உயிரெழுத்துக்கு முன்னால் ஆன்’ என்று மனப்பாடம் செய்துவிட்டு ‘ஆன் யுனிவர்சிட்டி’ என்று எழுதுகிறார்கள். முதல் எழுத்து யூ என்பதால் வந்த வினை. விதி எழுத்துக்கு இல்லை, ஓசைக்கு. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யுனிவர்சிட்டி: முதலில் ‘யு’, உயிர்மெய். ஆகவே ‘எ யுனிவர்சிட்டி’. மணி நேரத்தைக் குறிக்கும் ‘ஹவர்’ என்ற சொல்லில் எச் ஒலிக்காது, ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் ‘அ’, உயிர். ஆகவே ‘ஆன் அவர்’. எம்எல்ஏ-வுக்கு முதலில் ‘எ’, ஆகவே ‘ஆன் எம்எல்ஏ’. ஒரு ரூபாய் நோட்டைச் சொல்லும்போது ‘வன் ருபீ’, முதலில் ‘வ’, ஆகவே ‘எ வன் ருபீ நோட்’. ஓர் ஊர், ஒரு வீடு என்று நாம் பிரிப்பதும் இதே கணக்குத்தான். நம் பேச்சில் ‘எ’-க்கு முன்னால் ஒரு ‘ய்’ ஒட்டிக்கொண்டு ‘யெம்மெல்லே’ என்று வரும், அதை மட்டும் கழித்துவிட்டு எழுதுங்கள். சொல் உயிரில் தொடங்குகிறதா, மெய்யில் தொடங்குகிறதா என்பதைத் தமிழ் எழுத்து காட்டிவிடுவதால் இந்தக் கேள்வியில் நமக்கு ஆதாயம் உண்டு.

‘டிஸ்கஸ் அபவுட்’ போன்றவற்றுக்கு இப்படி அழகான வழி கிடையாது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’யை நாம் அங்கே கொண்டுபோய் ஒட்டுகிறோம். டிஸ்கஸ் தனியாகவே நிற்கும். இன்னாரோடு கல்யாணம் என்பதால் ‘மேரீட் வித்’ என்று எழுதுகிறோம், அங்கே ‘மேரீட் டு’. வினையையும் அதன் ஒட்டையும் ஒரே சொல்லாக நோட்டில் எழுதிப் பழக வேண்டியதுதான்.

சொற்பொருளுக்கு வருவோம். ஆயிரம் வார்த்தைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு சங்கடப்படும். அந்த உழைப்பில் பாதியை வாக்கியம் வாசிப்பதில் போட்டால் இரண்டு மடங்கு கிடைக்கும். ‘ஆல்தோ ஹி வாஸ் ரிச், ஹி லெட் எ ஃப்ரூகல் லைஃப்.’ ஃப்ரூகல் தெரியாது, சரி. ஆல்தோ என்றால் ‘இருந்தாலும்’. பணக்காரராக இருந்தாலும் எப்படி வாழ்ந்திருப்பார்? சிக்கனமாக. அவ்வளவுதான், சாட்சி ‘ஆல்தோ’வும் ‘ரிச்’சும். ‘பட்’, ‘ஆல்தோ’, ‘ஹவ்எவர்’ வந்தால் பொருள் எதிர்ப்பக்கம் திரும்பும். ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’ வந்தால் அதே பக்கம் போகும்.

சொல்லின் தலையும் சாட்சி சொல்லும். தேர்வு அறையில் ‘மால்பிராக்டிஸ்’ என்ற வார்த்தையைக் கேட்காதவர் உண்டா? ‘மால்’ என்றால் கெட்ட, பிழையான. அப்புறம் ‘மால்நியூட்ரிஷன்’ தானாகப் புரியும். ‘பெனி’ என்றால் நல்ல, ‘பெனிஃபிட்’ தெரிந்தால் ‘பெனிஃபாக்டர்’ என்ற உபகாரியும் தெரிந்தவராகிவிடுவார். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பெட்ரோல் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பார்கள். முன்னால் ‘இன்’ இருப்பதால் தீப்பிடிக்காது என்று பொருள் இல்லை, சட்டென்று தீப்பிடிக்கும் என்றுதான் பொருள். ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பற்றது இல்லை, மதிப்பிட முடியாத அளவு அருமையானது.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கில வார்த்தைகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். ‘மெஸ்’ என்றால் நமக்குச் சாப்பாட்டுக் கடை, ஹாஸ்டல் சாப்பாட்டு அறை. ஆங்கிலப் பத்தியில் ‘தி ரூம் வாஸ் எ மெஸ்’ என்று வந்தால் அறை அலங்கோலமாகக் கிடந்தது என்று பொருள். ‘ஃபேமிலி ஊருக்குப் போயிருக்காங்க’ என்று மனைவியைச் சொல்கிறோம், அங்கே அது முழுக் குடும்பம். நேர்மாறாக, பயமுறுத்துகிற சில வார்த்தைகள் நம் தெருவில் நடந்தவையாக இருக்கும். ‘ஜக்கர்நாட்’ என்றால் தடுத்து நிறுத்த முடியாத பெரும் விசை. பூரி ஜகந்நாதர் தேரைப் பார்த்த அயலார் சொல்லிச் சொல்லி உண்டான வார்த்தை. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் நகர்ந்து வரும்போது பக்கத்தில் நின்ற யாருக்கும் அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

எதிர்ச்சொல் கேட்கும் கேள்வியில் நாலு விடைகளுக்குள் ஒத்த பொருள் சொல்லையும் கலந்து வைத்திருப்பார்கள். கேட்பது எது என்று முதலில் வட்டம் போட்டுவிட்டு அப்புறம் விடைகளைப் பாருங்கள்.

பத்தி வாசித்து விடை சொல்லும் கேள்விதான் பிள்ளைகளை அதிகம் மிரட்டுகிறது. நீளமாக இருக்கிறதே என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிக நியாயமான கேள்வியாகத் தெரிகிறது, ஏனென்றால் விடை முழுவதும் கண்முன்னால் அச்சாகி இருக்கிறது. ஒருநாள் இதைக் காட்டுவதற்காக நானே சின்னப் பத்தி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதன் தமிழ் இது:

‘பழைய நாளில் திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் தாமிரபரணியை ஓடத்தில் கடந்தார்கள். வெள்ளம் வந்தால் அந்த வழியும் அடைபடும். பாலம் வேண்டும் என்று பலரும் விரும்பினார்கள். ஆனால் அதற்கான பணம் எளிதில் திரளவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். 1843-இல் பாலம் திறக்கப்பட்டது. இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது.’

முதல் கேள்வி: பாலம் வரத் தடையாக இருந்தது எது? விடைகள்: அடிக்கடி வந்த வெள்ளம், பணம் திரளாதது, அரசு அனுமதி மறுத்தது, மக்களுக்கு விருப்பமில்லாதது. வெள்ளம் பத்தியில் இருக்கிறது, ஆனால் ஓடத்தை நிறுத்தியது என்றுதான் இருக்கிறது. பத்தியில் வந்த வார்த்தை என்பதற்காகவே அதை நம் கை தேடிப் போகும், அதற்காகவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அனுமதி பற்றிப் பேச்சே இல்லை. விருப்பமில்லை என்பது பத்திக்கு நேர் எதிர். ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பணம் நிற்கிறது. சாட்சி அங்கே.

இரண்டாவது கேள்வி: பத்தியின்படி எது சரி? வண்ணார்பேட்டைத் தங்கச்சி ஒருத்தி சட்டென்று, ‘பாலம் லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது’ என்ற விடையைக் குறித்துவிட்டாள்.

“எந்த வரியில இருக்கு?”

“வரியில இல்லக்கா. ஆனா அது உண்மைதானே, எங்க தாத்தா சொல்லுவாவ.”

தாத்தா சொன்னது நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் கேள்வி ‘பத்தியின்படி’ என்கிறது. நமக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றிய பத்தி வரும்போதுதான் ஆபத்து அதிகம். ஆறு, மழை, விவசாயம், கோயில் என்று வந்தால் நம் அறிவு முந்திக்கொண்டு விடை சொல்லும். பத்திக்கு வெளியே எவ்வளவு பெரிய உண்மையாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அது சாட்சி ஆகாது.

மூன்றாவது, ஊகித்துச் சொல்லும் கேள்வி. ‘சுலோசன முதலியார் வசதியுள்ளவர்’ என்று பத்தி நேராகச் சொல்லவில்லை. பாலத்தின் செலவையே ஏற்றார் என்பதால் அப்படி ஊகிக்கலாம். ‘புகழுக்காகச் செய்தார்’ என்று ஊகிக்க முடியுமா? பாலத்துக்கு அவர் பெயர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அவர் மனசில் என்ன இருந்தது என்று பத்தி வாய் திறக்கவில்லை. ஊகம் என்றால் எழுதியிருப்பதிலிருந்து ஓரடி எடுத்து வைப்பது. இரண்டாவது அடி வைத்தால் அது நம் சொந்தக் கதை.

தலைப்புக் கேள்வியில் ‘தாமிரபரணி’ என்பது ரொம்பப் பெரிது, ‘ஓடப் பயணம்’ ரொம்பச் சின்னது. ‘தனி ஒருவர் தந்த பாலம்’ என்பது பத்தியின் அளவுக்குச் சரியாக இருக்கிறது. விடையில் ‘ஒன்லி’, ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ வந்தால் அந்த அளவுக்குப் பத்தி உறுதியாகச் சொல்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பல நேரம் சொல்லியிருக்காது.

பத்தியை முதலில் வாசிப்பதா, கேள்வியையா? கேள்விகளை முதலில் வாசியுங்கள், விடைகளைத் தொடாதீர்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு பத்தியை ஒரே தடவை நிதானமாக வாசிக்கலாம். விடைகளையும் சேர்த்துப் படித்தால் மூன்று தவறான செய்திகள் பத்திக்கு முன்பே மனசில் ஏறிவிடும்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள், அதில் ஆங்கிலம் 25. சராசரியாக ஒரு கேள்விக்கு 36 விநாடி. சரியான விடைக்கு 2 மார்க், தவறுக்கு அரை மார்க் கழியும். நாலு விடைகளில் இரண்டைச் சாட்சியோடு வெட்டிவிட்டீர்கள் என்றால் மிச்ச இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். அப்படி இரண்டு கேள்விகளில் ஒன்று சரி, ஒன்று தவறு என்று போனாலும் ஒன்றரை மார்க் கையில் நிற்கும்.

வீட்டில் பழகும்போது கடிகாரம் வேண்டாம். பழைய தாளில் நாளுக்குப் பத்துக் கேள்வி போதும். விடைக்குப் பக்கத்தில் ஓரத்தில் சாட்சிச் சொல்லை எழுதுங்கள். விடை சரியாக இருந்து சாட்சி தவறாக இருந்தால் அதைத் தவறு என்றே கணக்கில் வையுங்கள்.

பத்தமடைத் தம்பி இரண்டு வாரம் இப்படியே செய்துகொண்டு வந்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வியில் நின்றுகொண்டான்: ‘தி பிரைஸ் ஆஃப் ஆனியன்ஸ் ___ சின்ஸ் மண்டே.’ விடைகள்: ரோஸ், ஹேவ் ரிஸன், ஹேஸ் ரிஸன், இஸ் ரைஸிங். பென்சிலால் ‘பிரைஸ்’ மேல் வட்டம் போட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ‘சின்ஸ்’ மேலும் வட்டம் போட்டான்.

“அக்கா, இதுக்கு சாட்சி ரெண்டு இருக்கு. பிரைஸ்னால ‘ஹேவ்’ போயிருச்சு. சின்ஸ்னால ரோஸும் ரைஸிங்கும் போயிருச்சு.”

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான்.